ரயில் முந்தி, சங்கு பிந்தி

பள்ளிபாளையம்,
14 ஜனவரி 1939

அன்புத் தம்பி நசுருல்லாவுக்கு, அக்கா மஸ்தான் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சென்னைப் பட்டணத்தில் உன்னையும் ஷம்ஷாதையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, இதை எழுதியது என் தம்பிதானா என்று பார்ப்பதற்கு. இரண்டாம் தடவை, மில் முதலாளி ராவ் சாகிப் தெய்வசிகாமணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா என்று பார்ப்பதற்கு. அவர் தர்மவானாம். பள்ளிவாசல் சுற்றுச்சுவருக்குச் செங்கல் கொடுத்தவராம். அப்படிப்பட்டவரை நம் அச்சகத்தில் அடிக்கும் பத்திரிகை தூற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். செங்கல் கொடுத்தது நிஜம். அந்தச் செங்கலைச் சூளையிலிருந்து ஏற்றி வந்து இறக்கியவர்கள் அவர் மில் ஆட்கள். அன்று அவர்களுக்கு விடுமுறை நாள். புண்ணியம் தனக்கு, முதுகுவலி அடுத்தவனுக்கு என்று பிரித்துக்கொள்ளும் தர்மம் அது. உனக்கு அது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அச்சகம் உன் பெயரில் பதிவாகியிருப்பதையும் ஞாபகப்படுத்தியிருக்கிறாய். உன் மச்சான் படுக்கையில் விழுந்தபோது, பெண்பிள்ளை பெயரில் எதற்கு என்று நாலு பெரியவர்கள் சொன்னதால் உன் பெயரைப் போட்டோம். அதற்குப் பிறகு நீ இந்த அச்சகத்துக்குள் காலடி வைத்தது ஒரே தடவை. அதுவும் குடையை மறந்துவிட்டுப் போனதால். எழுத்துக் கோர்ப்பவள் நான். மை தடவுபவள் நான். மிஷினுக்கு எண்ணெய் விடுபவளும் நான்தான்.

சரி, என்னதான் எழுதிவிட்டோம் என்று கேட்டாயே, சொல்கிறேன். உனக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள், சாயங்கால மஃரிப் தொழுது எழுந்தேன். வாசல் தட்டிக்கு வெளியே ஒரு பெண் நின்று, “ஏனுங்கம்மா, மணி என்னாச்சுங்க?” என்றாள். ஆறு முப்பத்தைந்து என்றேன். கேட்டுக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் நானே தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், எதற்காக இப்படித் தினமும் கேட்கிறாய் என்றேன். பெயர் கந்தம்மாள். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“போன வருசமெல்லாம் சங்கு ஊதி நான் எந்திரிக்கறப்பத்தானுங்க பாலத்து மேல ரயிலு வரும். இப்ப ரயிலு போயி, அது கூவுன சத்தமும் அடங்கிப் போகுது. சங்கு ஊதக் காணோமுங்க. ரயிலு முந்தி வருதா, இல்லீனா எங்க சங்கு பிந்தி ஊதுதான்னு ஆருகிட்டக் கேக்கறதுங்க? உள்ள கடியாரம் ஆறுன்னுதான் காட்டுது.”

சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகும் சாயங்கால பாசஞ்சர் ஆற்றுப் பாலத்தில் ஏறுவது ஆறு மணிக்கு. மில் சங்கு ஊத வேண்டியதும் ஆறு மணிக்கு. விசாரித்ததில் தெரிந்தது இது: மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகு டைம்கீப்பர் ஸ்டூல் போட்டு ஏறி, பெரிய முள்ளை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிடுகிறான். காலையில் சங்கு ஊதுவதற்கு முன் மறுபடி சரி செய்துவிடுகிறான். அறுநூறு பேரிடமிருந்து தினம் அரை மணி. கன்னம் வைத்துத் திருடுகிறவனுக்காவது பிடிபடுவோமோ என்ற பயம் இருக்கும். இவர் திருடுவதற்கு ஸ்டூல் ஒன்று போதும்.

நம் ‘நேர்சொல்’ பத்திரிகையின் ஆசிரியர் சென்னியப்பன். உனக்குத் தெரியும், மல்லசமுத்திரத்தில் வாத்தியாராக இருந்து, சங்கம் வைத்ததற்காக வேலையை விட்டு விரட்டப்பட்டவர். நல்ல மனிதர், ஆனால் பேனாவைத் தொட்டால் நிறுத்தத் தெரியாது. கந்தம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். அதில் ருஷ்யா இருந்தது, பிரெஞ்சுப் புரட்சி இருந்தது, எரிமலை இரண்டு இடத்தில் இருந்தது. சங்கு எத்தனை மணிக்கு ஊதியது என்பது மட்டும் இல்லை. எரிமலையைக் கோர்க்க என்னிடம் எழுத்து இல்லை, நிமிடத்தை எழுதிக் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார்.

அதிலிருந்து வாரா வாரம் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சிறு பகுதி போடுகிறோம். திங்கட்கிழமை ரயில் வந்த நேரம், சங்கு ஊதிய நேரம். செவ்வாய்க்கிழமை ரயில், சங்கு. இப்படிச் சனி வரை. ஒரு வசைச்சொல் கிடையாது. இதைத்தான் நீ “கண்டபடி எழுதுவது” என்கிறாய்.

தொழிற்சாலைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் துரை போன வாரம் வந்தார். வருவதாகப் பத்து நாள் முன்பே மில்லுக்குத் தகவல் சொல்லிவிட்டார். அன்று கடிகாரம் அப்படி ஒரு யோக்கியமாக ஓடியது. சங்கு ஆறுக்கு ஊதியது. துரை முதலாளி பங்களாவில் டீ குடித்தார், முந்திரிப் பருப்பு சாப்பிட்டார், கடிகாரம் குற்றமற்றது என்று எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போனார். மறுநாள் சங்கு ஆறு முப்பத்திரண்டு. துரை வந்ததையும், முந்திரிப் பருப்பையும், மறுநாள் நேரத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்துப் போட்டோம். இங்குள்ள கதர்ச் சட்டைக்காரரிடம் கந்தம்மாள் போய்க் கேட்டதற்கு, சுயராஜ்யம் முழுசாக வரட்டும், எல்லாம் சரியாகும் என்றாராம். அது வரைக்கும் அரை மணி அரை மணியாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

நீ சொன்னபடி அச்சகத்தை ராவ் சாகிபுக்கு விற்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கவா அவர் கேட்கிறார்? பூட்டி வைக்கக் கேட்கிறார்.

உன் தோல் மண்டி வியாபாரம் செழிக்கட்டும். கூடவே கொஞ்சம் முதுகெலும்பையும் அல்லாஹ் கொடுக்கட்டும். ஷம்ஷாதுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மஸ்தான் பீவி


பள்ளிபாளையம்,
20 பிப்ரவரி 1939

நசுருல்லாவுக்கு,

சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். அது கடமை. பிரியத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டில் மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. கந்தம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாடகை வண்டியில் போனேன். குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினான். உன் கையெழுத்து. சின்ன வயதில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். அரபு அலிஃபும் தமிழ் அகரமும் இரண்டும். அதனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அச்சகத்தின் பதிவை ரத்து செய்துவிடும்படி எழுதியிருந்தாய். அந்தப் பத்திரிகைக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருந்தாய். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பயந்தவன் என்று விட்டிருப்பேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். “புருஷன் இறந்த துக்கத்தில் என் சகோதரிக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, அவள் செய்வதற்கு அவள் பொறுப்பல்ல.”

குமாஸ்தா அதைச் சத்தமாகப் படித்தான். கச்சேரியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். கந்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. “எங்கம்மாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு எழுதுனவன் ஆருங்க? அவிய கோத்த எழுத்துல ஒரு தப்பு கண்டுபுடிச்சுக் காட்டச் சொல்லுங்க சாமி!” என்றாள். வெளியே போ என்று அதட்டினார்கள். அவள் போகவில்லை.

நாங்கள் போனது மில் பூட்டிக் கிடக்கும் நேரத்தில் என்பதையும் தெரிந்துகொள். அதற்கு முந்தின வாரம், பிப்ரவரி பத்தாம் தேதி, ரயில் பாலத்தில் ஏறியதும் ரீலிங் பிரிவில் எண்பது பெண்கள் எழுந்து நின்றார்கள். கூச்சல் இல்லை, கல் எறியவில்லை. மேஸ்திரி குறுக்கே வந்து, சங்கு ஊதவில்லையே என்றிருக்கிறான். “நீங்க சங்குக்குப் போங்க. நாங்க ரயிலுக்குப் போயிக்கறோமுங்க,” என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் மில் கதவில் பூட்டு. ஒழுங்கீனம் காரணமாகக் காலவரையறையின்றி மூடல் என்று பலகை. அரை மணியைத் திருடுவது ஒழுங்கு. திருடக் கொடுக்க மாட்டேன் என்பது ஒழுங்கீனம்.

பூட்டிய கதவுக்கு முன்னால் சென்னியப்பன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசினார். என் தொல்லையால் இப்போதெல்லாம் எரிமலை, பூகம்பம் பேசுவதை விட்டுவிட்டார். ரயில்வே கால அட்டவணையை எடுத்து, சேலம், மேக்னசைட், சங்கரிதுர்க்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் படித்தார். காவேரி ஸ்டேஷனுக்கு வருவதற்குள் சப் இன்ஸ்பெக்டர் அவரைக் கீழே இழுத்துவிட்டார். பொது அமைதிக்குப் பங்கமாம். மூன்று மாதம் போட்டுச் சேலம் ஜெயிலில் அடைத்திருக்கிறார்கள். சர்க்கார் அடித்து விற்கும் அட்டவணையைச் சத்தமாகப் படித்ததற்கு மூன்று மாதம். அந்த சப் இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு ஏதோ பெரிய கொள்ளைக்காரனைப் பிடித்தவன் மாதிரி கடைவீதியில் போனான். கொள்ளைக்காரன் பங்களாவில்தான் அவனுக்கு அன்று சாப்பாடு.

ஆசிரியர் ஜெயிலில். பதிவு ரத்து. அதோடு ‘நேர்சொல்’ தொலைந்தது என்று நீயும் உன் ராவ் சாகிபும் நினைத்திருப்பீர்கள். அதே கச்சேரியில், அதே குமாஸ்தா முன்னால், அச்சகத்தை நடத்துபவளும் பத்திரிகையை வெளியிடுபவளும் நானே என்று புதுப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் என் முக்காட்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், சிரித்தார். ஜாமீன் கட்டச் சொல்லியிருக்கலாம், சட்டம் இருக்கிறது. “இது ஒரு மாசம் தாங்காது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மாசம் என்ற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். என்னை இளக்காரமாக நினைத்ததால் ஜாமீன் இல்லாமல் போயிற்று. உங்கள் ஆண்பிள்ளைகளின் இளக்காரத்தால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

மில் கதவு திறக்கும் வரை கந்தம்மாள் சொல்வாள், நான் கோர்ப்பேன். அவளுக்கு எழுதத் தெரியாது, ஆனால் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியும். சேலத்துப் பெரிய பத்திரிகையில் மூன்று படித்தவர்கள் சேர்ந்து எழுதியும் அது வரவில்லை. பாமரப் பெண்களைச் சில விஷமிகள் தூண்டிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தப் பக்கம் ரயில் ஏறி வந்து பார்க்கவில்லை. மில் ஆபீஸிலிருந்து போன காகிதத்தை அப்படியே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் இருந்த எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது.

உனக்கு நான் சாபம் கொடுக்கப் போவதில்லை. உம்மா வயிற்றில் எனக்குப் பிறகு படுத்தவன் நீ. ஆனால் இனிமேல் என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் எனக்கு எழுது. கச்சேரிக்கு எழுதாதே.

அல்லாஹ் உனக்கு நல்ல ஞாபக சக்தியைக் கொடுக்கட்டும்.

மஸ்தான் பீவி


பள்ளிபாளையம்,
27 மார்ச் 1939

தம்பி நசுருல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் தபால் கார்டு கிடைத்தது. மழை பெய்ததா என்றும், முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். மழை இல்லை. முழங்கால் அப்படியே இருக்கிறது. நான் எழுதிய மற்ற எதையும் நீ தொடவில்லை. பதில் எழுத வெட்கப்பட்டிருப்பாய் என்று நல்லபடியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மில் பதினேழு நாள் பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாளே பசி தெரிந்துவிட்டது. கந்தம்மாள் வீட்டில் ஒரு வேளை ராகிக் களி. அவள் புருஷன், போய் மன்னிப்புக் கேள் என்று அடித்திருக்கிறான். கன்னம் வீங்கியபடி வந்தாள். நான் கேட்டதற்கு, “அதெ எழுதிராதீங்கம்மா, அது வேற கணக்கு,” என்றாள். எழுதவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். அவளிடம் இருப்பது எது, உன்னிடம் இல்லாதது எது என்று உனக்குத் தெரியட்டும்.

முதலாளி அசைந்தது மில்லுக்குள் நடந்ததால் அல்ல. குமாரபாளையத்திலும் இங்கேயும் தறிக் கொட்டகைகளில் ஒருவர் ‘நேர்சொல்’ படிக்க, மற்றவர்கள் தறி ஓட்டிக்கொண்டே கேட்பார்கள். அப்படித்தான் விஷயம் பரவியது. மில் கிடங்கில் பழைய நூல் மூட்டைகள் குவிந்திருந்தன. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு குமாரபாளையம் போனார்கள். அர்த்தநாரி என்று ஒரு நெசவாளர், வயசாளி. அவர் கொட்டகையில் நாற்பது தறி. வண்டிக்காரனிடம், “அந்தப் பொம்பளைங்க நேரத்தைத் திருடி நூத்த நூலு எங்க தறியில ஏறாதுங்க. திருப்பிக் கொண்டுபோங்க,” என்று சொல்லிவிட்டார். அதைப் பத்திரிகையில் போட்டேன். அடுத்த வாரம் இன்னும் ஏழு கொட்டகைகள் நூலைத் திருப்பி அனுப்பின. அவர்களுக்கும் அதில் நஷ்டம்தான். வேறு நூல் வர நாள் ஆகும். ஆனாலும் திருப்பினார்கள். தர்மவானுக்கு அப்போதுதான் தூக்கம் போனது.

மில் திறந்தது. சங்கு ஆறு மணிக்கு ஊதும், கடிகாரத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளிக் கதவில் மாட்டுவது, தினமும் ஸ்டேஷன் நேரத்தோடு ஒத்துப் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. எல்லோரையும் எடுத்துக்கொண்டார், மூன்று பேரைத் தவிர. அந்த மூவரில் கந்தம்மாளும் உண்டு. மூவரையும் எடுக்காவிட்டால் திரும்ப மாட்டோம் என்று மற்ற பெண்கள் ஒரு நாள் முழுக்க நின்றார்கள். கந்தம்மாள்தான் அவர்களை உள்ளே தள்ளினாள். பிள்ளை குட்டிகள் சாப்பிட்டுப் பல நாள் ஆயிற்று என்றாள். ஜெயித்தோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தோற்றோம் என்று எழுதினால் அது பொய். நடந்ததை நடந்தபடி போட்டேன்.

அப்புறம் கடிகாரத் திறப்பு விழா. ஆமாம், விழா. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பந்தல் போட்ட மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. வாழை மரம், மேளம், சேலத்திலிருந்து போட்டோக்காரர். தேரில் ஏறிய சாமி மாதிரி மாலையோடு ராவ் சாகிப். கதர்ச் சட்டைக்காரர் ஒரு பக்கம், சப் இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். வேலை முடிய அரை மணி இருக்கும்போதே மிஷினை நிறுத்தி எல்லோரையும் பந்தலில் உட்கார வைத்தார்கள். நான் சாலையோரம் வண்டிக்குள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

“நானும் உங்க ஊட்டு ஆளுதான். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? நீங்க கேக்காமயே இந்தக் கடியாரத்தை உங்களுக்கு அன்பளிப்பாக் குடுக்கறேன்,” என்றார். கேட்காமலேயே! பதினேழு நாள் பட்டினியும், ஒரு வாத்தியாருக்கு ஜெயிலும், மூன்று பேர் வேலையும் அவர் காதில் விழவே இல்லையாம். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் தகப்பனார் எப்படிக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார் என்று ஆரம்பித்தார். தகப்பனார் கதை பாதியில் இருக்கும்போது பாலத்தில் ரயில் ஏறியது. சங்கும் ஊதியது. சரியாக ஆறு.

ரீலிங் பிரிவுப் பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டார்கள். அவர் “உட்காருங்க, உட்காருங்க, இன்னும் முடியல,” என்கிறார். ஒருத்தி திரும்பி, “நேரமாச்சுங்க முதலாளி,” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பின்னாலேயே ஆண்கள். பந்தலில் மேளக்காரரும் போட்டோக்காரரும் மிஞ்சினார்கள். மறுநாள் பெரிய பத்திரிகையில் படம் வந்தது: தொழிலாளருக்கு முதலாளியின் அன்பளிப்பு. படத்தில் தொழிலாளர் ஒருவரும் இல்லை. நான் முக்காட்டுக்குள் சிரித்த சிரிப்பில் வண்டி மாடே திரும்பிப் பார்த்தது. உன் மச்சான் மவுத்தான பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

கந்தம்மாள் இப்போது நம் அச்சகத்தில் இருக்கிறாள். எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போடுகிறாள். க, ங, ச வரை வந்துவிட்டாள். தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது எனக்குச் சுலபம், நேராக எழுதினால்தான் குழம்புகிறது என்கிறாள். பள்ளிவாசல் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, வேற்று ஜாதிப் பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கிறாயே என்றார்கள். செங்கல் சுவர் எப்படி இருக்கிறது, விரிசல் ஏதும் விட்டதா என்று விசாரித்து அனுப்பினேன். சென்னியப்பன் ஜெயிலிலிருந்து ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். எரிமலை மறுபடி வந்துவிட்டது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், பாவம்.

ஷம்ஷாதுக்கு ஏழாம் மாதம் என்று பக்கத்து வீட்டு அம்மாளுக்கு வந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நீ எனக்கு எழுதவில்லை. அவளை வெயிலில் அலைய விடாதே. தினமும் பால் கொடு. பயந்த சுபாவம் உள்ள பெண். வலி எடுக்கும்போது பக்கத்தில் நம் மனுஷி ஒருத்தி இருந்தால் நல்லது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுத்துகள் தேய்ந்துவிட்டன. நகரமும் ரகரமும் ஐந்தாறு வரிக்குள் தீர்ந்துபோகின்றன. பட்டணத்தில் எழுத்து வார்த்து விற்கிற இடம் உன் மண்டிக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. உன் மச்சான் அங்கேதான் வாங்குவார். நகரமும் ரகரமும் நாலு நாலு ராத்தல் வாங்கு. பில்லை என் பெயருக்குப் போடச் சொல். பெயரைச் சரியாகச் சொல்: மஸ்தான் பீவி, ‘நேர்சொல்’ அச்சகம். கடைக்காரர் கேட்டால் என்ன உறவு என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தபாலில் அனுப்பாதே, எழுத்து நசுங்கிவிடும். நீயே கொண்டு வா. ஷம்ஷாதையும் கூட்டிக்கொண்டு வா. பிரசவம் இங்கேயே ஆகட்டும். உனக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். பூட்டித்தான் இருக்கும். தட்டு. திறக்கிறேன்.

தாயையும் பிள்ளையையும் அல்லாஹ் இரண்டு உயிராகப் பிரித்து, இரண்டையும் நமக்கே தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உன்னைக் கைப்பிடித்து எழுத வைத்த அக்கா,
மஸ்தான் பீவி